உயர்நிலைப் பள்ளித் தமிழும் கல்வியியல் ஆய்வேடுகளும்

உயர்நிலைப் பள்ளியில் பயிலும் மாணவன் தமிழை எவ்வாறு கற்கின்றான் என்பது ஒரு வினா. அவன் தமிழில் எத்துணை மதிப்பெண் பெறுகின்றான் என்பது மற்றொரு வினா. இவ்விரண்டும் வேறு என்பதை யாவரும் அறிவர். ஆயினும் தமிழ் கற்பித்தல் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுந்துள்ள ஆய்வேடுகளைப் பயில்வார்க்கு, முதல் வினாவை எழுப்பிவிட்டு இரண்டாம் வினாவிற்கு விடை கூறும் வழக்கம் வேரூன்றிவிட்டமை புலனாகும். எம்.எட். பட்டத்தின் பொருட்டு எழுதப்படுவன, முனைவர் பட்டத்தின் பொருட்டு எழுதப்படுவன, 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளால் நிறுத்தப்பெற்ற எம்.பில். பட்டத்தின் பொருட்டு முன்பு எழுதப்பட்டன ஆகிய மூவகை ஏடுகளையும் கருதியே இதனைக் கூறுகின்றேன். தனி ஓர் ஏட்டினைக் குறை கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஏடுகள் பலவற்றிற்கும் பொதுவாகிய ஒரு போக்கினை ஆராய்தலே நோக்கமாகும்.

ஓர் எளிய சோதனை உண்டு. தமிழ் கற்பித்தல் பற்றிய ஆய்வேடு ஒன்றை எடுத்துக்கொள்க. அதில் தமிழ் என்னும் சொல் வரும் இடமெல்லாம் கணிதம் என்று மாற்றுக. ஏட்டின் போக்கில் யாதொரு குலைவும் நேராதாயின், அவ்வேடு தமிழைப் பற்றியதன்று எனத் துணியலாம். 'ஒன்பதாம் வகுப்பு மாணவர்தம் தமிழ்ப் பாட மனப்பான்மைக்கும் அடைவிற்கும் உள்ள தொடர்பு' என்பது போன்ற தலைப்பினை எண்ணிப் பார்க்கலாம். ஆண், பெண் என ஒரு பகுப்பு. நகர்ப்புறம், நாட்டுப்புறம் என ஒரு பகுப்பு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என ஒரு பகுப்பு. ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் வகுத்த முறையைத் தழுவி, முற்றிலும் உடன்படுகிறேன் என்பது முதல் முற்றிலும் மறுக்கிறேன் என்பது வரை ஐந்து படிகள் கொண்ட வினாநிரல். பின்னர் இன்மைக் கருதுகோள்கள், பின்னர் அட்டவணைகள், ஈற்றில், ஆசிரியர்கள் மாணவர்க்கு ஆர்வமூட்டுதல் வேண்டும் என்னும் பரிந்துரை. இவ்வைந்து இயல்களில் மாணவன் எழுதிய தமிழ்த் தொடர் ஒன்றேனும் இல்லை. அவன் பிழைபட எழுதினானா, எப்பிழை செய்தான், செய்யுளை எவ்விடத்தில் பிரித்துப் படித்தான் என்பன இல்லை. கணிதம் என்று மாற்றினாலும், வரலாறு என்று மாற்றினாலும் ஏடு அசையாது நிற்கும்.

இந்நிலை எவ்வாறு வந்தது? 1952-53இல் அ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சிக் கல்லூரிகள் கற்பிக்கும் முறை பற்றிய ஆராய்ச்சியைத் தம் இயல்பான பணியாகக் கொள்ளுதல் வேண்டும் என்றும், அதன் பொருட்டு ஒவ்வொரு கல்லூரியும் தன் பொறுப்பில் ஒரு சோதனைப் பள்ளியை வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. எம்.எட். வகுப்பிற்குக் குறைந்தது மூன்றாண்டு ஆசிரியப் பணி செய்த பயிற்சி பெற்ற பட்டதாரிகளையே பொதுவாகச் சேர்த்தல் வேண்டும் என்பதும் அக்குழுவின் கருத்தாகும். இரண்டும் ஆழ்ந்த நோக்குடைய பரிந்துரைகள். வகுப்பில் நின்று பழகியவனுக்கே வகுப்பைப் பற்றிய வினா பிறக்கும் என்பது அவற்றின் உட்கிடை. இன்றோ பி.எட். முடித்தவர் ஒரு நாளேனும் ஆசிரியராகப் பணி புரியாமலே எம்.எட். வகுப்பில் சேரலாம். அவர்க்கு வினா வகுப்பறையிலிருந்து வருவதில்லை. முன்னைய ஏட்டிலிருந்து வருகின்றது. முன்னைய ஏட்டில் ஒன்பதாம் வகுப்பு என்றிருந்ததைப் பத்தாம் வகுப்பு என்றும், ஒரு மாவட்டம் என்றிருந்ததை வேறொரு மாவட்டம் என்றும் மாற்றிக்கொள்கின்றார். இதனை அவருடைய குறை என்று மட்டும் கூறுதல் அறமாகாது. ஏடு முடிக்கத் தரப்படும் காலம் குறுகியது. பள்ளியில் நுழைய இசைவு பெறுதல் அரியது. பெற்ற இசைவும் வினாநிரல் நிரப்பும் ஒரு பாடவேளையோடு முடிந்துவிடும்.

குறை கல்வியியல் துறையினரிடம் மட்டும் இல்லை. தமிழ்த் துறையினராகிய நாம் பள்ளித் தமிழை ஆராய்ச்சிப் பொருளாகவே கருதுவதில்லை. தொல்காப்பியப் புணர்ச்சி விதிகளை ஒருவர் ஆராயலாம். கல்வெட்டில் வரும் புணர்ச்சியை ஒருவர் ஆராயலாம். பதினான்கு வயதுச் சிறுவனின் கட்டுரை ஏட்டில் வரும் புணர்ச்சியை ஆராய்ந்தால் அது தமிழாராய்ச்சியன்று, பயிற்சிக் கல்லூரி வேலை என்று ஒதுக்கிவிடுகின்றோம். மொழியறிவு உடையவர் வகுப்பினை நோக்குவதில்லை. வகுப்பினை நோக்குபவர்க்கு மொழியாராய்ச்சிப் பயிற்சி அளிக்கப்படுவதில்லை. இவ்விரு கரைகளையும் இணைத்த அறிஞர் இலர் எனல் ஆகாது. காரைக்குடி அழகப்பா பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய பேராசிரியர் ந. சுப்பு ரெட்டியார் எழுதிய 'தமிழ் பயிற்றும் முறை' என்னும் நூல், தமிழறிவும் பயிற்றியல் அறிவும் ஒருவரிடம் சேர்ந்தால் விளைவது யாது என்பதற்குச் சான்றாகும். அந்நூல் ஆசிரியர்க்கு வழிகாட்டும் நூல். அது காட்டிய வழிகளை வகுப்பில் இட்டுச் சோதித்து, கொள்ளத்தக்கன இவை, தள்ளத்தக்கன இவை என்று தெளியும் பணி அதன்பின் வந்தவர்க்கு உரியது. அப்பணி பெரும்பாலும் நிகழாமலே போயிற்று.

மதிப்பெண் எதனை மறைக்கின்றது என்பதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். வல்லினம் மிகுமிடம், மிகாவிடம் என்பது உயர்நிலை வகுப்புகளில் தவறாது இடம்பெறும் பாடம். படித்து + பார்த்தான், ஓடி + போனான், வந்து + போனான், படித்த + பாடம் ஆகிய நான்கினைக் கொடுத்துச் சேர்த்து எழுதச் சொன்னதாகக் கொள்வோம். படித்துப் பார்த்தான், ஓடிப் போனான், வந்து போனான், படித்த பாடம் என்பனவே உரியவை. வன்றொடர்க் குற்றியலுகர ஈற்று வினையெச்சத்தின் பின்னும் இகர ஈற்று வினையெச்சத்தின் பின்னும் வல்லினம் மிகும். மென்றொடரின் பின் மிகாது. பெயரெச்சத்தின் பின்னும் மிகாது.

மாணவன் ஒருவன் நான்கிடத்தும் மிகாமல் எழுதுகின்றான். அவனுக்கு இரண்டு மதிப்பெண். வேறொருவன் நான்கிடத்தும் மிகுத்து, வந்துப் போனான், படித்தப் பாடம் என்றெல்லாம் எழுதுகின்றான். அவனுக்கும் இரண்டு மதிப்பெண். அட்டவணையில் இருவரும் ஒரே எண். உண்மையில் இருவர் நிலையும் நேர்மாறானவை. முதல்வனுக்கு மிகுதல் என்னும் நிகழ்ச்சியே மனத்திற் படவில்லை. மிகாத எழுத்தையே சுவரொட்டிகளிலும் கைபேசியிலும் கண்டு பழகியவன் அவன். இரண்டாமவனுக்கு அது மிகையாகப் பட்டுவிட்டது. ஆசிரியர் திருத்தியவற்றிற்கு அஞ்சி எங்கும் ஒற்றிடுகின்றான். மூன்றாமவன் ஒருவன் வந்துப் போனான் என்பதில் மட்டும் தவறி, படித்த பாடம் என்பதனைச் சரியாக எழுதுகின்றான் எனில், அவன் பெற்ற மூன்று மதிப்பெண்ணைவிட அவன் செய்த பிழையே பொருளுடையது. வினையெச்சம் வேறு, பெயரெச்சம் வேறு எனப் பகுத்து, வினையெச்சத்தின் பின் வல்லினம் மிகும் என்று தானே ஒரு விதி வகுத்துக்கொண்டான். படித்து, எடுத்து, ஓடி, தேடி என்று தான் கண்டவற்றிலிருந்து அவன் பெற்ற முடிபு அது. மென்றொடர் என்னும் விலக்கு ஒன்றே அவனுக்குக் கிட்டவில்லை. அவனுக்கு வேண்டுவது ஒரு சொல். முதல்வனுக்கு வேண்டுவதோ பாடம் முழுவதும். பிட் கார்டர் என்னும் மொழியியலறிஞர் 1967இல் எழுதிய கட்டுரையில், மொழி பயில்வோன் செய்யும் பிழை அவன் உள்ளத்தே உருவாகிவரும் இலக்கணத்தைக் காட்டும் சான்று என நிறுவினார். இரண்டாம் மொழி பயில்வோரைக் கருதி அவர் கூறியது, எழுத்துத் தமிழைப் பள்ளியில் கற்கும் தமிழ் மாணவனுக்கும் பெரிதும் பொருந்தும் என்பது என் கருத்து.

மேலும் ஒன்று. இம்மூவரையும் எழுதச் சொல்லாமல் பேசச் சொன்னால் என்னாகும்? படிச்சுப் பாத்தான் என்பதில் பகரம் இரட்டித்து ஒலிக்கும். ஓடிப் போனான் என்பதிலும் அவ்வாறே. வந்து போனான் என்பதில் இரட்டியாது. படிச்ச பாடம் என்பதில் ஒருவரும் இரட்டிக்கக் கேட்டிலேன். விதி அவர்கள் நாவில் உள்ளது, எழுதுகோலில் இல்லை. பேச்சு வழக்கு எல்லா விதிகளையும் காட்டிக்கொடுக்கும் என்று யான் கூறவில்லை. இரண்டாம் வேற்றுமை உருபினையே விட்டுப் பாடம் படிச்சான் என்று பேசுகின்றவனுக்கு அவ்விடத்தில் செவி துணை செய்யாது. வட்டாரந்தோறும் வேறுபாடும் இருக்கும். எவ்விதிகளுக்குச் செவி துணையாகும், எவற்றிற்கு ஆகாது, எவ்வட்டாரத்தில் எந்நிலை என்பன ஆராயத்தக்கன. பேச்சு வழக்கினைத் திருந்தாத மொழி என்று வாயிலில் நிறுத்திவிட்டு இலக்கணம் கற்பிக்கும் வகுப்பிற்கு, அம்மொழியிலேயே பாதி இலக்கணம் காத்திருக்கின்றது என்று காட்டும் ஆய்வு எத்துணைப் பயன்படும்! தமிழ் என்னும் சொல்லைக் கணிதம் என்று மாற்றி இவ்வாய்வினை எழுத இயலாது என்பதையும் நோக்குக.

வகுப்பறையினுள் சென்று நோக்கிய ஆய்வுகள் இல்லாமல் இல்லை. அவற்றுட் பல பிளாண்டர்சு வகுத்த ஊடாட்டப் பகுப்பு முறையைக் கையாள்வன. 1970இல் வெளிவந்த அவர்தம் நூல் இம்முறையை விரித்துரைக்கின்றது. வகுப்பின் பேச்சு பத்து வகையாகப் பகுக்கப்படும்: ஆசிரியர் பேச்சு ஏழு, மாணவர் பேச்சு இரண்டு, அமைதி அல்லது குழப்பம் ஒன்று. நோக்குநர் மூன்று வினாடிக்கு ஒரு முறை உரிய எண்ணைக் குறித்துச் செல்வார். எளிய கருவி, பல நாடுகளில் பயன்பட்டது. ஆனால் தமிழ்ச் செய்யுள் வகுப்பில் இதனை வைத்துப் பார்க்குமிடத்து இடர்ப்பாடு தோன்றுகின்றது. ஆசிரியர் ஒரு வெண்பாவை முதலில் ஓசை கெடாமல் படிக்கின்றார். பின்பு சீர் பிரித்துப் படிக்கின்றார். பின்பு சொற்களைக் கொண்டுகூட்டிப் பதவுரை கூறுகின்றார். பின்பு மீண்டும் ஓசையோடு படிக்கின்றார். இந்நான்கும் ஐந்தாம் எண்ணாகிய விரிவுரை என்னும் ஒரே கட்டத்துள் அடங்கிவிடுகின்றன. மாணவர் ஒருசேர ஓதுதலும், ஒருவன் தட்டுத்தடுமாறித் தானே சீர் பிரித்தலும் எட்டாம் எண்ணாகிய மாணவர் மறுமொழி என்னும் கட்டத்துள் அடங்குகின்றன. செய்யுள் பயிற்றலின் நுட்பம் முழுதும் எங்கு நிகழ்கின்றதோ அங்கே இக்கருவிக்குக் கண் இல்லை. ஆசிரியர் மிகுதியாகப் பேசுகின்றார் என்னும் முடிபே எப்போதும் கிடைக்கும். அம்முடிபினைக் காண வகுப்பிற்குச் செல்லவும் வேண்டியதில்லை. கருவியைக் குறை கூறிப் பயன் என்ன? அது தமிழ்ச் செய்யுள் வகுப்பிற்கென ஆக்கப்பட்டதன்று. அதற்கு மேலும் பிரிவுகளைச் சேர்த்துக்கொள்ள நம் ஆய்வாளர் துணியாமையே வியப்பு.

இவ்வேடுகளின் முதலியலில் நன்னூற் பாயிரம் தவறாது தலைகாட்டும். ஆசிரியனது வரலாறு, பாடஞ் சொல்லலினது வரலாறு, மாணாக்கனது வரலாறு, பாடங் கேட்டலின் வரலாறு என்று பவணந்தியார் வகுத்துரைத்தவற்றுள் இரண்டொரு நூற்பாக்கள் முகப்பில் வைக்கப்படும். நம் முன்னோர் அன்றே கண்டனர் என்னும் பெருமிதத்துடன் அவ்வியல் முடியும். இரண்டாம் இயல் தொடங்கியவுடன் நன்னூல் மறக்கப்படும். மாலை சூட்டி வாயிலில் அமர்த்திவிட்டு உள்ளே விருந்து நடத்துவது போன்றது இது.

பவணந்தியார் கூறுவனவற்றை ஆராய்ச்சிக்குரிய கருதுகோளாகக் கொண்டால் நிலைமை வேறாகும். ஆசிரியன் கூறியதை நன்கு கேட்டவனும் கற்பதிற் காற்பங்கே கொள்வான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும் என்றும், பிறர்க்கு எடுத்துரைக்குமிடத்தே எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் அவர் கருதுகின்றார். கால், கால், அரை என்பன அளந்து கண்ட எண்கள் அல்ல. அவற்றை அளவைகளாகக் கொண்டு, இக்கால ஆராய்ச்சி முடிபினைப் பவணந்தியார் முன்னரே கண்டார் என்று முழங்குதல் அவர்க்குப் பெருமையன்று. ஆயினும் கற்பித்தலால் கற்றல் நிறைவுறும் என்பது சோதனைக்குரிய கருத்து. பிறர்க்குக் கற்பிக்கப்போகின்றோம் என்று எண்ணிப் படித்தவர், தேர்விற்கென்று படித்தவரினும் நன்கு கற்றனர் என்று பார்க், சூல் என்னும் இருவர் 1980இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. புணர்ச்சிப் பாடத்தினை ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஏழாம் வகுப்பு மாணவனுக்குக் கற்பிக்குமாறு செய்து, கற்பித்தவன் எழுத்தில் நிகழும் மாற்றத்தை ஓராண்டு தொடர்ந்து நோக்கினால், அது நன்னூலுக்குச் செய்யும் உண்மையான உரையாகும்.

பாயிரத்துள் ஏடுகள் எடுத்துக்காட்டாத பகுதியும் உண்டு. அன்னம், ஆ முதலாக இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஈறாக மாணாக்கரைப் பகுக்கும் பகுதியே அது. கற்காமையின் குறையை மாணாக்கன் தலையில் ஏற்றும் இப்பகுப்பு இன்றைய பொதுப் பள்ளி ஆசிரியர்க்கு ஏலாது. வருவோர் யாவர்க்கும் கற்பித்தல் அவர் கடமை. ஆனால் அதே பாயிரம் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று ஆசிரியராகத் தகாதாரையும் உவமித்துக் காட்டியுள்ளது. கொண்ட முறை தப்பிக் கொட்டும் கழற்குடமும், சிறிது சிறிதாகவே வெளிவிடும் பருத்திக் குண்டிகையும் இன்றும் வகுப்பில் காணக்கூடியனவே. மாணவரின் மனப்பான்மையை அளக்கும் வினாநிரல்கள் பல கண்டேன். இலக்கண ஆசிரியர் பாடப்பொருளை எவ்வரிசையில் வைக்கின்றார், அவ்வரிசை கற்போர்க்கு எவ்வாறு படுகின்றது என்று பார்த்த ஏடு யான் கண்ட அளவில் அரிது.

கற்றலை உள்ளிருந்து காட்டும் நூல் தமிழில் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1950இல் நூலாயிற்று. செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகைப் பாடம் கேட்டது, மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் முன் முதன்முதல் பாடல் படித்துக் காட்டிய அச்சம், எந்நூலை எவ்வேகத்தில் கேட்டது, திருவாவடுதுறையில் தாம் கற்றுக்கொண்டிருந்தபோதே தம்பிரான்மார்க்குப் பாடம் சொன்னது என இவை யாவும் அதிற் பதிவாகியுள்ளன. ஒரே மாணாக்கன், அவனும் பேரறிஞனாக வளர்ந்தவன் என்பதால் அதனைப் பொதுவிதிக்குச் சான்றாகக் கொள்ளல் இயலாது. ஆனால் கற்றல் பற்றி எழுதுங்கால் எவற்றைக் குறித்துவைத்தல் வேண்டும் என்பதை அறிய அந்நூலினும் சிறந்த வழிகாட்டி இல்லை. நூறு மாணவர்க்குப் பதில் ஆறு மாணவரை எடுத்துக்கொண்டு, ஓராண்டு அவர்தம் கட்டுரை ஏடுகளையும், வகுப்பில் அவர் கேட்ட வினாக்களையும், படிக்குமிடத்துத் தடுமாறிய சொற்களையும் குறித்துவரும் ஏடு ஒன்றேனும் எழலாகாதா?

ஆறு மாணவர் போதுமா, புள்ளியியல் ஏற்குமா என்று வினவுவர். யான் புள்ளியியலின் பகைவன் அல்லன். எண்ணிக்கை வேண்டுமிடத்து எண்ணுதல் வேண்டும். எதனை எண்ணுவது என்பதே வினா. ரகர றகரப் பிழையை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தின் பெரும்பகுதிப் பேச்சில் இவ்விரு ஒலிகளும் ஒன்றாகிவிட்டன. ஆதலின் அரம், அறம் என்பவற்றின் வேற்றுமையைக் கண்ணாலேயே கற்க வேண்டியுள்ளது. குமரி மாவட்டப் பேச்சிலும் யாழ்ப்பாணத் தமிழிலும் றகரத்தின் பழைய ஒலி பிறவிடங்களினும் மிகுதியாகக் காக்கப்பட்டுள்ளது. அவ்விடத்து மாணவர் எழுத்தில் இப்பிழை குறையுமா? குறையுமாயின் எச்சொற்களில் குறையும்? தனித்து வரும் றகரத்திலா, இரட்டித்து வரும் றகரத்திலா? இதற்குப் பெருந்தொகையான விடைத்தாள்களும் கணக்கும் வேண்டும். எழுத்திலக்கணமும் வட்டார வழக்கறிவும் வேண்டும். நகர்ப்புறம், நாட்டுப்புறம் என்னும் பகுப்பு இங்குப் பயன்படாது. பேச்சு வழக்கின் எல்லையே இங்குப் பகுப்பாகும்.

இத்தகைய ஆய்வு நிகழ்வதற்குத் தடையாக உள்ளது மற்றொன்று, ஏட்டின் மொழி. தமிழ் கற்பித்தல் பற்றிய ஏடுகள் பல ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வந்துப் போனான் என்னும் பிழையை ஆங்கிலத்தில் விளக்குவதினும் அதனை விட்டுவிடுதல் எளிது, ஆகவே விடப்படுகின்றது. முனைவர் பட்ட ஏடுகளேனும் இன்று சோத்கங்கா என்னும் மின்தொகுப்பில் யாவரும் காணக் கிடைக்கின்றன. எம்.எட். ஏடுகள் பெரும்பாலும் கல்லூரி அலமாரியிலேயே உறங்குகின்றன. ஆராயப்பட்ட பள்ளிக்கு ஏட்டின் படி ஒன்று திரும்பிச் செல்லும் வழக்கம் இல்லை. சென்றாலும் அப்பள்ளித் தமிழாசிரியர் அதிற் காண்பது தம் மாணவர்தம் சராசரியும் திட்ட விலக்கமுமே. நாளைக் காலை எந்த மாணவனிடம் எந்தச் சொல்லைக் கூறுதல் வேண்டும் என்பது அதில் இல்லை.

தமிழாசிரியர் ஒருவர் வீட்டில், கட்டிவைத்த அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை ஒரு பிற்பகல் புரட்டிக்கொண்டிருந்தேன். சிவப்பு மையால் சுழிக்கப்பட்ட ஒற்றுகள் பக்கந்தோறும் இருந்தன. ஒரு மாணவன் வந்துப் என்று மூன்றிடத்தும், வந்து என்று ஓரிடத்தும் எழுதியிருந்தான். அவ்வோரிடம் அவன் பாட்டி கூறியதாக எழுதிய பேச்சுத் தொடர். மதிப்பெண் பதிந்து முடிந்தபின் அத்தாள்களை என் செய்வீர் என்று வினவினேன். எடைக்குப் போட்டுவிடுவோம் என்றார்.